பஸ் டிரைவர்களுக்குச் சைக்கிள்காரரின் ஆபத்தைப் புரியவைப்பது எப்படி?

ஒரு கல்லூரியின் பஸ்களுக்குப் பொறுப்பாக இருப்பதாகச் சொல்லி நீங்கள் கேட்டிருப்பது இது: “எங்கள் டிரைவர்கள் சைக்கிளில் போகிறவர்களை உரசுவதுபோல ஓவர்டேக் செய்கிறார்கள். ஒருநாள் வகுப்பு வைத்து அவர்களையே சைக்கிள் ஓட்டச் சொன்னால் புரிந்துகொள்வார்களா?” இதற்குள் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. சைக்கிள்காரர்மேல் இரக்கம் வந்துவிட்டால் டிரைவர் ஓட்டும் விதம் மாறிவிடுமா? மாறாது என்பதே என் எண்ணம். நம் ஊர் பஸ் டிரைவர்களில் பெரும்பாலோர் சைக்கிளில் பள்ளிக்கூடம் போனவர்கள். பதினோராம் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிளில் இன்று அவர்கள் பிள்ளைகளும் போகிறார்கள். இரக்கத்துக்குக் குறைவில்லை. குறைவாக இருப்பவை இரண்டு: சைக்கிள் ஏன் அப்படி ஆடுகிறது, ஏன் ஒதுங்க மறுக்கிறது என்ற தெளிவு ஒன்று, பின்னால் அரை நிமிடம் பொறுத்துப் போக அனுமதிக்கும் டிரிப் நேரம் மற்றொன்று. முதலாவதை மைதானத்தில் கற்றுக்கொடுக்கலாம். இரண்டாவது உங்கள் அலுவலகத்தின் கையில் இருக்கிறது.

கணக்கிலிருந்து ஆரம்பியுங்கள், அதில் யாரும் வாதாட முடியாது. இருவழிச் சாலையில் தார் 7 மீட்டர் அகலம், ஒரு பக்கத்துக்கு 3.5. மைதானத்தில் சுண்ணாம்புப் பொடியால் இதை அளந்து போடுங்கள். சைக்கிளின் டயர் தாரின் ஓரத்திலிருந்து முக்கால் மீட்டர் உள்ளே வரட்டும். ஹேண்டில்பாரின் பாதி அகலம் ஏறக்குறைய 30 சென்டிமீட்டர். ஆக ஓரத்திலிருந்து 1.05 மீட்டர் வரை சைக்கிள்காரருடையது. அதற்கப்பால் 1.5 மீட்டர் இடைவெளி விட்டால் 2.55. அங்கேதான் பஸ்ஸின் இடது கண்ணாடி தொடங்கலாம். கண்ணாடிக்கு 20 சென்டிமீட்டர், பாடிக்கு 2.5 மீட்டர், வலது கண்ணாடிக்கு இன்னொரு 20 என்று கூட்டினால் 5.45 மீட்டரில் வந்து நிற்கிறோம். நடுக்கோடு 3.5-லேயே முடிந்துவிட்டது. எதிரே வருகிறவருக்கு மிச்சம் ஒன்றரை மீட்டர்தான். காரோ பஸ்ஸோ அதில் போக முடியாது.

இதிலிருந்து டிரைவர் மனதில் வைத்துக்கொள்ளக்கூடிய ஒரே ஒரு விதி கிடைக்கிறது: இருவழிச் சாலையில் சைக்கிளை முந்தும்போது உங்கள் வலது டயர் நடுக்கோட்டை நன்றாகத் தாண்டியிருக்க வேண்டும், எதிரில் வண்டி வருவதால் தாண்ட முடியாது என்றால் அந்த இடத்தில் முந்தவே முடியாது. இடம் இருக்கிறதா என்று கண்ணால் அளப்பதைவிட இது எளிது. நம் பஸ்ஸில் டிரைவர் வலதுபக்கம் உட்கார்ந்திருக்கிறார். சைக்கிள் இடதுபக்கம், இரண்டரை மீட்டருக்கு அப்பால். அந்த இடைவெளியை அங்கிருந்து யாராலும் சரியாகக் கணிக்க முடியாது. வலது டயர் எங்கே ஓடுகிறது என்பதை எல்லா டிரைவரும் அறிவார்கள். நெடுஞ்சாலையில் நடுவில் தொடர்கோடு போட்டிருந்தால் அங்கே தாண்டவும் கூடாது. அப்படியானால் பின்னாலேயே போக வேண்டியதுதான்.

பின்னால் போனால் எவ்வளவு நேரம் போகும் என்பதையும் கணக்காகவே காட்டுங்கள். 15 கிலோமீட்டர் வேகத்தில் போகும் சைக்கிளுக்குப் பின்னால் முழுதாக 200 மீட்டர் ஊர்ந்தால் 48 விநாடி. அதே தூரத்தை 50-இல் ஓட்டினால் 14 விநாடிக்குக் கொஞ்சம் மேல். நஷ்டம் 34 விநாடி. அதற்குள் எதிர்ப்பக்கம் பெரும்பாலும் காலியாகிவிடும். “சைக்கிள் பின்னால போனா டிரிப் லேட் ஆயிடும் சார்” என்ற பேச்சுக்கு இந்த எண்தான் பதில்.

அடுத்ததாக, சைக்கிள் ஏன் சட்டென்று ஒதுங்காது என்பது. பயிற்சியில் அதிக நேரம் இதற்குக் கொடுங்கள், பெரும்பாலான வகுப்புகள் தொடாமல் விடும் பகுதி இது. சைக்கிள் சாய்ந்துதான் திரும்பும். இடதுபக்கம் சாய வேண்டுமானால் முன்சக்கரம் முதலில் ஒரு கணம் வலதுபக்கம் போயாக வேண்டும். ஓட்டுகிறவருக்கே தெரியாமல் உடம்பு இதைச் செய்துகொள்கிறது. வலது தோளுக்குப் பக்கத்தில் பஸ் வந்துவிட்டால் அந்த ஒரு கணத்துக்கு இடம் இல்லை, அதனால் அவரால் இடதுபக்கம் ஒதுங்கவும் முடியாது. ஹாரன் அடித்ததும் அவர் விலகாமல் நேராகவே போவதைத் திமிர் என்று டிரைவர்கள் நினைக்கிறார்கள். பல நேரம் அவரால் முடிவது அவ்வளவுதான்.

இரண்டாவது காரணம் தாரின் விளிம்பு. பழைய சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டதால் பல ஊர்களில் தாருக்கும் பக்கத்து மண்ணுக்கும் நடுவே நாலு விரல், ஒரு சாண் என்று பள்ளம் விழுந்திருக்கிறது. ஹாரனுக்குப் பயந்து சைக்கிள்காரர் மண்ணில் இறங்கினால் வேகம் குறைகிறது, மணலில் சக்கரம் புதைகிறது. மறுபடி தாரில் ஏறப் பார்க்கும்போது முன்சக்கரம் விளிம்புக்கு ஏறத்தாழ இணையாக உரசுகிறது. அந்தக் கோணத்தில் அது ஏறாது, வழுக்கும். சைக்கிள் நின்றுபோக உடம்பு மட்டும் வலதுபக்கம், அதாவது சாலைக்குள், விழுகிறது. முன்சக்கரம் கடந்துபோன பஸ்ஸின் பின்சக்கரம் அப்போது வந்துகொண்டிருக்கும். டிரைவர்கள் இதைக் கண்ணால் பார்க்க வேண்டும். கல்லூரி வாசலருகே அப்படி ஒரு விளிம்பு கட்டாயம் இருக்கும். போக்குவரத்து இல்லாத நேரத்தில் ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே அதில் ஏற்றிப் பார்க்கட்டும். பக்கவாட்டில் ஏறாது, நேர்க்கோணத்தில் திருப்பினால்தான் ஏறும். இரண்டு நிமிடத்தில் புரிந்துவிடும்.

மூன்றாவது, திரும்பிப் பார்ப்பது. மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு ஒன்று போட்டு, அதன்மேல் சைக்கிள் ஓட்டிக்கொண்டே வலது தோளுக்கு மேலாகப் பின்னால் எத்தனை விரல் காட்டுகிறார்கள் என்று சொல்லச் சொல்லுங்கள். கேரியரில் ஏழெட்டுக் கிலோ புத்தகப் பையைக் கட்டிவிடுங்கள். ஏறக்குறைய எல்லாருமே கோட்டைவிட்டு வலதுபக்கம் நகர்வார்கள். பின்னால் வருவது என்ன வண்டி என்று பார்க்கிற நல்ல சைக்கிள்காரர்தான் பஸ்ஸை நோக்கி நகர்கிறார். ஒன்றரை மீட்டர் எதற்கு என்ற கேள்விக்கு இதைவிட நேரான பதில் கிடைக்காது. மேம்பாலம் ஏறும்போதும் பத்து கிலோமீட்டருக்குக் கீழே வேகம் இறங்கும்போதும் இந்த ஆட்டம் இன்னும் அதிகமாகும். அங்கே ஒன்றரை போதாது.

முன்கூட்டியே தெரியும் அறிகுறிகளும் உண்டு. சைக்கிள்காரர் பெடல் மிதிப்பதை நிறுத்துகிறார், தலையை லேசாக வலதுபக்கம் திருப்புகிறார் என்றால் அடுத்த சில விநாடிகளில் குறுக்கே வரப்போகிறார். எதிர்ப்பக்கம் டீக்கடை, பள்ளிக்கூட வாசல், சென்டர் மீடியனில் இடைவெளி ஏதாவது இருந்தால் சந்தேகமே வேண்டாம். எழுந்து நின்று மிதிக்கிறார் என்றால் சைக்கிள் இருபக்கமும் ஆடும். முன்னால் தேங்கிய தண்ணீரோ, பள்ளமோ, சாக்கடை மூடியோ, நிறுத்திவைத்த பைக்கோ தெரிந்தால் அவர் அதைச் சுற்றித்தான் வருவார். அவருடைய சாலையையும் சேர்த்து டிரைவர் பார்க்க வேண்டும். “சொல்லாம குறுக்க வந்துட்டான்” என்று சொல்லப்படும் பல விபத்துகளில் இந்த அறிகுறிகளில் ஒன்றாவது முன்னாலேயே தெரிந்திருக்கும்.

இந்த இடத்தில் வகுப்பில் ஒரு எதிர்ப்பு வரும்: “தப்பு அவங்க மேலதான். ராங் சைடுல வராங்க, லைட் இல்ல, ரெண்டு ரெண்டு பேரா பேசிக்கிட்டே போறாங்க.” அதை அடக்காதீர்கள், பேசவிடுங்கள். அவர்கள் சொல்வதில் பெரும்பகுதி உண்மை. சைக்கிள்காரருக்குப் பயிற்சி தேவைதான், அவர்கள் உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கவில்லை என்பதுதான் சிக்கல். பன்னிரண்டு டன் வண்டியை ஓட்டுகிறவரிடம் லைசென்ஸ் இருக்கிறது, பதினாறு வயதுப் பிள்ளையிடம் இல்லை. பிரிட்டன் தன் சாலை விதித் தொகுப்பை 2022 ஜனவரி 29 அன்று மாற்றியபோது, அதிகச் சேதம் விளைவிக்கக்கூடிய வண்டிக்கே அதிகப் பொறுப்பு என்று எழுதிவைத்தது. மணிக்கு 30 மைல் வரை குறைந்தது ஒன்றரை மீட்டர், அதற்குமேல் இன்னும் அதிகம் என்று அதே தொகுப்பு சொல்கிறது. ஜெர்மனி 2020-இல் ஊருக்குள் 1.5 மீட்டர், ஊருக்கு வெளியே 2 மீட்டர் என்று சட்டமாகவே வைத்தது. நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவு ஆபத்தான ஓட்டுதலைத் தண்டிக்கிறது. அதில் இப்படி மீட்டர் கணக்கு கிடையாது. எனவே உங்கள் கல்லூரியின் எழுத்துப்பூர்வமான விதியாக நீங்களே ஓர் எண்ணை வைக்க வேண்டும்: ஊருக்குள் ஒன்றரை, நெடுஞ்சாலையில் இரண்டு.

இடதுபக்கம் திரும்புவதுதான் பஸ்ஸுக்கும் லாரிக்கும் மிகக் கொடிய இடம். பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வராது, உள்ளே வெட்டிக்கொண்டு வரும். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் 6 மீட்டர் இருந்து, உள்பக்க முன்சக்கரம் 10 மீட்டர் ஆரத்தில் திரும்பினால் பின்சக்கரம் 8 மீட்டர் ஆரத்தில் போகும். முழுதாக 2 மீட்டர் உள்ளே. காலி தண்ணீர் பாட்டில்களை முன்சக்கரத் தடத்திலிருந்து ஒரு மீட்டர் உள்ளே தள்ளி வரிசையாக வைத்து, பஸ்ஸை மெதுவாகத் திருப்பச் சொல்லுங்கள். முன்சக்கரம் ஒன்றையும் தொடாது, பின்சக்கரம் நசுக்கிக்கொண்டே போகும். டிரைவர்கள் கீழே நின்று பார்க்க வேண்டும். சீட்டில் இருப்பவருக்கு இது தெரியாது.

அதே நேரத்தில் பார்வை மறைவையும் அளந்துவிடுங்கள். டிரைவர் தன் சீட்டில், தனக்கு வேண்டியபடி கண்ணாடிகளைச் சரிசெய்து உட்காரட்டும். 1.4 மீட்டர் உயரக் குச்சி ஒன்றைப் பள்ளிப் பிள்ளையின் தலையாகப் பிடித்துக்கொண்டு ஒருவர் பஸ்ஸின் இடது முன்மூலையிலிருந்து பின்னோக்கி நடக்கட்டும். குச்சி கண்ணாடியிலும் தெரியவில்லை, ஜன்னலிலும் தெரியவில்லை என்று டிரைவர் சொல்லும் இடத்திலெல்லாம் சுண்ணாம்புப் புள்ளி வைத்துக் கடைசியில் புள்ளிகளைச் சேருங்கள். பிறகு அந்தக் கட்டத்துக்குள் எத்தனை சைக்கிள் நிற்கும் என்று நிறுத்திக் காட்டுங்கள். ஒவ்வொரு மாடல் பஸ்ஸுக்கும் கட்டம் வேறு. உயரமான டிரைவருக்கும் குட்டையானவருக்கும்கூட வேறு. ஒரே பஸ்ஸில் காட்டிவிட்டு எல்லாருக்கும் இதுதான் என்று சொல்லிவிடாதீர்கள். குவிகண்ணாடி ஒன்றை இடது முன்மூலையில் மாட்டியோ, இருப்பதைக் கீழே சாய்த்தோ கட்டம் எவ்வளவு சுருங்குகிறது என்று அங்கேயே பார்த்துக்கொள்ளலாம். லண்டனில் 12 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளுக்கு, டிரைவர் சீட்டிலிருந்து நேராக எவ்வளவு தெரிகிறது என்பதை வைத்து நட்சத்திர மதிப்பீடு தரும் முறை 2021 மார்ச்சிலிருந்து அமலில் இருக்கிறது. டிரைவரைக் குறை சொல்வதற்கு முன் வண்டியைச் சரிசெய்யலாம் என்ற அந்த யோசனை நமக்கும் பொருந்தும்.

திரும்பும் முறையை இப்படிப் பழக்குங்கள். முனைக்கு 30 மீட்டர் முன்னாலேயே இண்டிகேட்டர். அதற்கு முன்பே ஒருமுறை இடது கண்ணாடி, ஸ்டீயரிங்கை ஒடிக்கும் கணத்தில் இன்னொருமுறை, பாதி திரும்பியபின் மூன்றாவது முறை. திரும்பும் வேகம் நடைவேகம். ஜெர்மனியில் மூன்றரை டன்னுக்கு மேற்பட்ட வண்டிகள் ஊருக்குள் சைக்கிளும் ஆளும் வரக்கூடிய இடங்களில் வலதுபக்கம் திரும்பும்போது, அங்கே அதுதான் நடைபாதைப் பக்கம், நடைவேகத்தில்தான் திரும்ப வேண்டும் என்பது சட்டம். கிளீனரோ உதவியாளரோ இருந்தால் அவர் முன்படிக்கட்டு ஜன்னல்வழியாகப் பார்த்து “போலாம்” என்று சொன்னபின்தான் திரும்ப வேண்டும். முனைக்குக் கொஞ்சம் முன்னால் சைக்கிள் இருந்தால் அதை முந்திவிட்டுத் திரும்பும் பழக்கம் அறவே கூடாது. பஸ் ஸ்டாப்பிலும் இதேதான்: நிறுத்தம் 100 மீட்டருக்குள் இருந்தால் சைக்கிளை முந்தாதீர்கள். முந்திப்போய் முன்னால் இடதுபக்கம் ஒடித்து நிறுத்தினால் அவருக்கு இரண்டே வழி: பிரேக் அடிக்க வேண்டும், அல்லது வலதுபக்கம் போக்குவரத்துக்குள் வெளியேற வேண்டும். ஸ்டாப்பில் கதவைத் திறக்கும் முன் இடது கண்ணாடியைப் பார்க்காவிட்டால், இறங்கும் மாணவரும் இடுக்கில் வரும் சைக்கிளும் மோதிக்கொள்வார்கள்.

ஹாரனைப் பற்றி ஒரு வார்த்தை. 50 மீட்டருக்கு முன்னால் லேசாக ஒருமுறை அடித்தால் அது தகவல். பக்கத்தில் வந்து ஏர்ஹாரனை அழுத்தினால் அவர் திடுக்கிட்டு ஹேண்டிலைத் திருப்புவார். பல சுரத்தில் அலறும் ஹாரனை மத்திய மோட்டார் வாகன விதிகள் எப்போதோ தடைசெய்துவிட்டன. உங்கள் பஸ்களில் இருந்தால் கழற்றிவிடுங்கள்.

இரவுப் பகுதியை விட்டுவிடாதீர்கள். கல்லூரி பஸ் கடைசி டிரிப் முடித்து ஷெட்டுக்குத் திரும்பும் நேரமும், வேலை முடித்தவர்கள் விளக்கில்லாத சைக்கிளில் வீட்டுக்குப் போகும் நேரமும் ஒன்றுதான். பிரேக் கணக்கைச் சொல்லுங்கள்: பார்த்து பிரேக்குக்குக் காலை மாற்ற ஒன்றரை விநாடி, காய்ந்த தாரில் விநாடிக்கு விநாடி 5 மீட்டர் வீதம் வேகம் குறைகிறது என்று வைத்துக்கொண்டால் 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்க 53 மீட்டர் வேண்டும், 40-இலிருந்து 29 மீட்டர் போதும். பிறகு மைதானத்தில் இருட்டியபின் ரிஃப்ளெக்டர் இல்லாத சைக்கிள் ஒன்றையும், அதன் பக்கத்தில் கருநீலச் சட்டை போட்ட ஒருவரையும் நிறுத்தி, பஸ்ஸை டிம் லைட்டில் மெதுவாக நகர்த்தி, டிரைவருக்கு எப்போது தெரிகிறது என்று டேப் பிடித்து அளந்து பாருங்கள். அந்த எண் 53-க்குக் குறைவாக இருந்தால், டிம் லைட்டில் 60-இல் போவது கண்ணை மூடிக்கொண்டு போவதுதான். எதிரே சைக்கிள் வந்தாலும் டிம் அடிக்க வேண்டும் என்பதையும் அங்கேயே காட்டலாம். டிரைவரைச் சைக்கிளில் உட்காரவைத்து, 60 மீட்டர் தூரத்திலிருந்து ஹைபீமைப் போடுங்கள். தாரின் விளிம்பு எங்கே என்று அவரைக் கேளுங்கள்.

இனி உங்கள் நேரடிக் கேள்வி: சைக்கிள் ஓட்ட வைக்கலாமா? வைக்கலாம். லண்டனில் லாரி டிரைவர்களுக்கு நடத்தும் ஏழு மணி நேரப் பயிற்சியில் பாதி வகுப்பறை, பாதி சைக்கிள்மேல். நிற்கும் சைக்கிள்களில் டிரைவர்களை உட்காரவைத்துப் பக்கத்திலேயே பஸ்ஸை விர்ரென்று ஓட்டிக்காட்டும் வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். அதைச் செய்யாதீர்கள். ஒருவர் தடுமாறினால் பயிற்சியே விபத்தாகிவிடும், பயம் மட்டும் பாடமாகவும் நிற்காது. கயிறு கட்டிய தடுப்புக்கு இந்தப்பக்கம் நிற்கவைத்து, 1.5 மீட்டர் தள்ளி 30 கிலோமீட்டர் வேகத்தில் ஒருமுறை பஸ் போனாலே போதும். முதலில் காற்று தள்ளும், பிறகு இழுக்கும். அது உடம்புக்குத் தெரிந்துவிடும். சாலையில் ஓட்டுவதானால் காலை ஆறு மணிக்கு, இரண்டு கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம். முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர். பிரேக், காற்று, செயின் பார்த்தபின்தான் கிளம்ப வேண்டும். முட்டிவலி உள்ளவரையும், பழக்கம் விட்டுப்போனவரையும் கட்டாயப்படுத்தாதீர்கள். ஒரு குழுவில் எட்டுப் பேருக்கு மேல் இருந்தால் பாதிப்பேர் வேடிக்கை பார்ப்பவர்களாகிவிடுவார்கள்.

எது உறுதி, எது உறுதியில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பின்சக்கரம் உள்ளே வெட்டுவதும், நிற்கும் தூரமும், சாலை அகலக் கணக்கும் உறுதி. வேகம் உறுதி: சராசரி வேகம் ஒரு சதவீதம் கூடினால் உயிர்ப்பலி விபத்தின் ஆபத்து ஏறத்தாழ நான்கு சதவீதம் கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வகுப்பால் விபத்து குறையுமா என்பதில்தான் உறுதியில்லை. லைசென்ஸ் வாங்கியவர்களுக்குப் பிறகு தரும் ஓட்டுநர் கல்வியைப் பற்றிய ஆய்வுகளை, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் என்ற பன்னாட்டு அமைப்பு தொகுத்துப் பார்த்தபோது, அது விபத்துகளைத் தடுக்கிறது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. அந்த ஆய்வுகள் பொதுவான ஓட்டுநர் கல்வி பற்றியவை, சைக்கிள்மேல் ஏற்றிக் கற்பிப்பதைப் பற்றியவை அல்ல. இருந்தாலும் ஒருநாள் வகுப்பை மட்டும் நம்பி இருந்துவிடக் கூடாது என்பதற்கு அது போதும். ரத்தம் தெறிக்கும் விபத்து வீடியோக்கள்மேல் எனக்கு நம்பிக்கை குறைவு. பார்க்கும்போது உச்சுக்கொட்டுவார்கள், “நமக்கு அப்படி நடக்காது” என்று எழுந்துபோவார்கள்.

ஆகவே வகுப்பு முடிந்தபின் செய்வதில்தான் பலன் இருக்கிறது. முதலில் டைம் ஷீட்டை எடுத்துப் பாருங்கள். காலை டிரிப்பில் 60-ஐத் தாண்டாமல், சைக்கிள்களுக்குப் பின்னால் நாலைந்து முறை பொறுத்துப் போனால் எத்தனை மணிக்கு வாசலுக்கு வரும்? நீங்களே ஒருநாள் பஸ்ஸில் உட்கார்ந்து பாருங்கள். பத்து நிமிடம் பிந்தினால் கிளம்பும் நேரத்தைப் பத்து நிமிடம் முன்னால் தள்ளுங்கள். லேட்டுக்கு விளக்கம் கேட்டுக்கொண்டே பொறுமையையும் கேட்க முடியாது. பிறகு மாதம் ஒருமுறை, சொல்லாமல், ஒவ்வொரு ரூட்டிலும் ஒருவர் முன் சீட்டில் உட்கார்ந்து மூன்றை மட்டும் எண்ணட்டும்: எத்தனை சைக்கிளை முந்தினார், அதில் எத்தனை முறை வலது டயர் நடுக்கோட்டைத் தாண்டியிருந்தது, எத்தனை முறை பின்னால் பொறுத்து வந்தார். முதல் மூன்று மாதம் இந்த எண்களை வைத்து யாருக்கும் மெமோ கொடுக்காதீர்கள், அவரவருக்கு அவரவர் எண்ணைக் காட்டினால் போதும். டாஷ்கேம் இருந்தால் மோசமானதைவிட நன்றாக முந்திய காட்சிகளை எடுத்து மற்றவர்களுக்குப் போட்டுக் காட்டுங்கள். சரியாகச் செய்தால் எப்படி இருக்கும் என்பதைப் பல டிரைவர்கள் வெளியிலிருந்து பார்த்ததே இல்லை. மூன்றாம் மாதம் எண்கள் நகரவில்லை என்றால் வகுப்பை மறுபடி நடத்துவதற்கு முன் டைம் ஷீட்டை மறுபடி பாருங்கள்.